ஹாப்கின் பண்டிதர் சரித்திரம்

ஆனைக்குட்டம், சிவகாசி முதலிய நம் பக்கத்து ஊர்களில் வெடிமருந்து கலப்போர், கையளவு அசட்டையும் பேரழிவாய் முடியும் என்பதை நன்கு அறிவர். நோய்க்கிருமிகளைக் கையாளும் ஆராய்ச்சிச் சாலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதனை விளக்கும் ஒருவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

வால்டெமார் ஹாப்கின், 1860-ஆம் ஆண்டு, ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஒடெஸ்ஸா நகரில் யூத குலத்திற் பிறந்தார். பின்னர்ப் பாரிஸ் சென்று, பாஸ்டர் நிலையத்தில் புத்தகசாலைப் பணியினின்று படிப்படியாக ஆராய்ச்சியாளரானார். 1892-இல் வாந்திபேதிக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1893-இல் கல்கத்தா அடைந்து அம்மருந்தைப் பரப்பினார். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றவே, அங்குச் சென்று, அந்நோய்க் கிருமிகளை வளர்த்து, சூட்டினாற் கொன்று, புதுமருந்து செய்து, 1897 ஜனவரி 10-ந் தேதி அதனையும் முதலில் தாமே ஏற்றார்.

1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேர் அம்மருந்து பெற்றனர். அவருள் ஒரே குப்பியினின்று மருந்து பெற்ற 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். பழி ஆராய்ச்சிச் சாலையின்மேல் விழுந்தது; ஹாப்கின் தலைமைப் பதவியை இழந்தார். ஆயினும், அக்குப்பியைத் திறந்த இடுக்கி கிராமத்திலே தரையில் விழுந்ததும், முறைப்படி சுத்தி செய்யப்படாமலே உபயோகிக்கப்பட்டதும் வெளிப்பட்டன. ரணஜன்னிக் கிருமி மண்ணில் உறைவதன்றோ! 1907-இல் ரொனால்டு ராஸ் முதலிய 10 அறிஞர், லண்டன் டைம்ஸ் பத்திரிகை வாயிலாக, அவர் குற்றமற்றவர் என நிலைநாட்டினர். பழி நீங்கிய ஹாப்கின் மீண்டும் கல்கத்தாவில் உழைத்தார். 1925-இல் பம்பாய் ஆராய்ச்சிச் சாலை அவர் பெயரைப் பெற்றது. 1930-இல் சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலஞ்சென்றார்.

குப்பிதோறும் இலக்கம் இடப்பட்டிருந்தமையாலன்றோ விஷமேறிய குப்பி இன்னதெனத் தெரிந்தது! இக்காலத்து ஆய்வுக்கூடங்களிலும் நோயாளியின் இரத்தம், சளி முதலியவற்றை வாங்கியவுடன் பெயரும் எண்ணும் எழுதுகின்றனர்; யாவற்றையும் நோயுள்ளனவாகவே கருதிக் கையுறை அணிகின்றனர்; கருவிகளை நீராவியில் வேவித்துக் கிருமி நீக்குகின்றனர்; கழிவுகளைத் தனியே அகற்றுகின்றனர்; பணி முடிந்ததும் கை கழுவுகின்றனர்.

இவை சிறு காரியங்களெனத் தோன்றும். இடுக்கி ஒன்று கீழே விழுந்ததும் சிறு காரியமே. அதனால் 19 உயிர்கள் மாய்ந்தன. குற்றமற்ற ஒருவர் ஐந்தாண்டுகள் பழி சுமந்தார். விஞ்ஞானசாலையிற் புகும் நம் மாணவர் ஒவ்வொருவரும் இதனை மனத்திற் கொள்வாராக.