வக்கீல் கண்ட வாயு மின்சாரம்

மின்சாரம் நின்றுபோனால், டெலிபோன் கோபுரங்கள் சிலவற்றுக்கு இன்று கைகொடுப்பது பாட்டரி அல்ல, ஹைட்ரஜன் வாயு!

இந்த வித்தையைக் கண்டவர் ஒரு வக்கீல். பெயர் வில்லியம் குரோவ். 1811-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் பிறந்தார். உடல் நலிந்ததால் கோர்ட்டை விட்டு விஞ்ஞானத்தில் இறங்கினார்.

மின்சாரம் தண்ணீரை இரண்டு வாயுக்களாகப் பிரிக்கிறது. அவற்றைச் சேர்த்தால் மின்சாரம் திரும்பி வராதா? 1842-ல் பிளாட்டினத் தகடு வைத்த 50 ஜோடிக் கண்ணாடிக் குழாய்களில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நிரப்பி, அமில நீரில் நிறுத்தினார். மின்சாரம் வந்தது! மிஞ்சியது வெறும் தண்ணீர்.

ஆனால் விஞ்ஞானம் சோறு போடவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், பாவம்! மீண்டும் கறுப்பு அங்கியை மாட்டினார். 1871-ல் நீதிபதியானார். 1896-ல் காலமானார்.

1965-ல் அமெரிக்காவின் ஜெமினி 5 விண்கலம் இரண்டு வீரர்களுடன் ஏறக்குறைய 8 நாள் பறந்தது. அதற்கு மின்சாரம் கொடுத்தது, குரோவின் அந்த வாயு வித்தைதான்!