தேவதாருவைத் தேடிச் சென்ற சென்னைக்காரர்

ஈக்காட்டுத்தாங்கலில் இன்று மெட்ரோ ரயில் ஓடுகிறது. தாங்கல் என்றால் பாசனத்துக்கான சிறிய ஏரி. அங்கே உழவு நடந்ததற்கு ஊர்ப்பெயரே சாட்சி. மண்ணில் இருந்ததைப் பிற்காலத்துக்குச் சொல்வது பதிவுதான். மரம், செடிகளுக்கு அப்படிப் பதிவு செய்தவர் ஹியூ கிளெக்ஹார்ன்.

1820-ல் சென்னையில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1842-ல் கிழக்கிந்திய கம்பெனி மருத்துவராக இங்கு திரும்பினார். மைசூர் சீமையின் ஷிமோகாவில் இருந்தபோது, உள்ளூர் ஓவியரைக் கொண்டு தினம் ஒரு செடியை வரையச் செய்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார்.

ரயில் பாதைக்காகக் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. 1860-களில் பஞ்சாப், மேற்கு இமயக் காடுகளை ஆராய அவரை அனுப்பினார்கள். அங்கே கூம்புக்காய் மரங்களைப் பிரித்தறிவது அவசியமாக இருந்தது. தேவதாரு கட்டை எளிதில் உளுக்காது. பைன் கட்டை மண்ணில் சீக்கிரம் மக்கும். தேவதாருவின் ஊசியிலைகள் கொத்தாக இருக்கும். நீலப் பைனில் ஒரு கற்றைக்கு 5, சிர் பைனில் 3. தேவதாருக் கிளை உலர்ந்தால் இலைகள் உதிர்ந்துவிடும். அதனால் ஹெர்பேரியம் எனும் உலர்தாவரக் காப்பகங்களில் உதிர்ந்த இலைகளை உறையிலும், கூம்புகளைத் தனிப் பெட்டியிலும் வைத்து, இடமும் தேதியும் எழுதுவார்கள். கிளெக்ஹார்னின் இமய ஆய்வறிக்கை 1864-ல் வெளியானது.

அவர் பணிக்கு மறுபக்கமும் உண்டு. மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிடும் குமரி சாகுபடியை அவர் கடுமையாக எதிர்த்தார். 1860-ல் மாகாண அரசு அதைக் கட்டுப்படுத்தியது. ரயிலுக்கும் கப்பலுக்கும் மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டின் சுமையை மலை உழவர்களும் சுமந்தார்கள். காட்டைக் காக்கும் சட்டம் யாருடைய வயிற்றைத் தொடுகிறது என்று கேட்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கை தரும் பாடம்.

1895-ல் ஸ்காட்லாந்தில் காலமானார். அவர் வரையச் செய்த ஓவியங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இன்றும் உள்ளன. நம் ஊரில், கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது.

உங்கள் வயலில் பெயர் தெரியாத களை முளைத்தால், பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். தினமும் தாளை மாற்றுங்கள். ஊர், தேதி, நீங்கள் அழைக்கும் பெயர் மூன்றையும் எழுதி வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்தும் சரியாக அமையும்.