ஹரோல்டு ஸ்டீபன் பிளாக்

ஹரோல்டு ஸ்டீபன் பிளாக் (ஏப்ரல் 14, 1898 – டிசம்பர் 11, 1983) ஓர் அமெரிக்க மின்பொறியியலாளர் ஆவார். இவர் 1927 ஆம் ஆண்டில் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டுபிடித்தார். பெருக்கியின் உள்ளே தோன்றும் உருக்குலைவையும் இரைச்சலையும் குறைக்கும் இம்முறை தொலைபேசித் துறைக்காக உருவாக்கப்பட்டது. பின்னர் வீட்டு ஒலிக் கருவிகள் உட்படப் பல கருவிகளில் இடம்பெற்றது.

இளமையும் கல்வியும்

பிளாக் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லெமின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். வூஸ்டர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1921 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் நியூயார்க் பொறியியல் பிரிவில் பணியில் சேர்ந்தார். இப்பிரிவு 1925 இல் பெல் ஆய்வுக்கூடங்கள் என்னும் தனி நிறுவனம் ஆனது.

தொலைபேசிப் பெருக்கிகளின் சிக்கல்

நீண்ட கம்பி வழியே செல்லும் குரல் சைகை வழியிலேயே வலுவிழக்கும். எனவே வழிநெடுக வெற்றிடக் குழல் பெருக்கிகள் வைக்கப்பட்டன. ஒரே கம்பியில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண்களில் அனுப்பும் முறை வந்தபோது, அவை அனைத்தையும் ஒரே பெருக்கி பெருக்க வேண்டியிருந்தது. வெற்றிடக் குழல் எல்லாச் சைகைகளையும் ஒரே விகிதத்தில் பெருக்குவதில்லை. இதனால் உரையாடல்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாயின. ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்குக்கு உருக்குலைவைச் சேர்த்ததால், தொலைவு கூடக்கூடப் பேச்சின் தெளிவு குறைந்தது.

குறையில்லாத குழலைச் செய்வதை விட, குறையுள்ள குழலைக் கொண்டே அக்குறையை நீக்கும் சுற்றை அமைக்கலாம் என்று பிளாக் கருதினார். 1923 இல், வெளியீட்டிலிருந்து உருக்குலைவை மட்டும் பிரித்தெடுத்து, அதை மற்றொரு பெருக்கியின் மூலம் கழித்துவிடும் சுற்றை அமைத்தார். அது வேலை செய்தது. ஆனால் அதைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்ததால், ஆளில்லா நிலையங்களுக்கு அது பொருந்தவில்லை.

எதிர்ப் பின்னூட்டம்

1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, பணிக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது பிளாக்குக்குத் தீர்வு தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே படத்தையும் சமன்பாடுகளையும் எழுதினார். வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்க் கட்டத்தில் உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அத்தீர்வு ஆகும். இதனால் பெருக்கம் பெருமளவு குறையும். அதற்கு ஈடாகப் பெருக்கியின் பிழைகளும் குறையும்.

எடுத்துக்காட்டாக, 1000 மடங்கு பெருக்கம் உடைய பெருக்கியின் வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால், மொத்தப் பெருக்கம் ஏறத்தாழ 9.9 மடங்கு ஆகும். குழல்கள் பழையதாகி உள்பெருக்கம் 500 ஆகக் குறைந்தாலும், மொத்தப் பெருக்கம் ஏறத்தாழ 9.8 மடங்காகவே இருக்கும்.

1927 டிசம்பர் 29 அன்று நடந்த சோதனையில் உருக்குலைவு 50 டெசிபல், அதாவது திறன் அளவில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஏற்பும் எதிர்ப்பும்

அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தைத் தாமாகவே இழப்பது அக்காலப் பொறியாளர் பலருக்குப் பொருளற்றதாகத் தோன்றியது. வெளியீட்டை உள்ளீட்டோடு இணைத்தால் பெருக்கி அலையியற்றியாக மாறி ஊளையிடும் என்றும் அஞ்சினர். 1928 ஆகஸ்டில் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1937 டிசம்பர் 21 அன்றுதான் கிடைத்தது. பிரித்தானியக் காப்புரிமை அலுவலகம் இதனை நிரந்தர இயக்கப் பொறிக்கு இணையானதாகவே நடத்தியது. இதற்கிடையில், 1930 இல் நியூ ஜெர்சியின் மொரிஸ்டவுனில் நடந்த தொலைபேசிக் கம்பிவடச் சோதனையில் இப்பெருக்கிகள் பயன்பட்டன. ஹாரி நைக்விஸ்ட், பின்னூட்டச் சுற்று எந்நிலையில் ஊளையிடாமல் நிலைத்திருக்கும் என்பதற்கான விதியை 1932 இல் வெளியிட்டார். இது அச்சத்தைக் கணக்கிடக்கூடிய ஒன்றாக மாற்றியது.

வீட்டு ஒலிக் கருவிகளில்

1947 இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியான வில்லியம்சன் பெருக்கி 20 டெசிபல் எதிர்ப் பின்னூட்டம் கொண்டது. 15 வாட் வெளியீட்டில் அதன் உருக்குலைவு 0.1 விழுக்காடு அளவிலேயே இருந்தது. இதன் பின் இம்முறை வீட்டுப் பெருக்கிகளில் பரவியது.

மின்வழங்கியிலிருந்து பெருக்கியின் இறுதிக் கட்டத்தில் நுழையும் ரீங்காரத்தை எதிர்ப் பின்னூட்டம் குறைக்கிறது. உள்ளீட்டுச் சைகையோடு சேர்ந்து வரும் ரீங்காரத்தை அது குறைப்பதில்லை. பெருக்கிக்கு அதுவும் சைகையே. முதற்கட்டத்தில் தோன்றும் இரைச்சல் சைகையோடு சேர்ந்தே குறைவதால், இரண்டுக்கும் இடையிலான விகிதம் மேம்படுவதில்லை.

எனவே ரீங்காரம் கேட்கும்போது அதன் பிறப்பிடத்தை முதலில் அறிதல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, உள்ளீட்டு வடங்களைக் கழற்றி, மீண்டும் இயக்கிக் கேட்பது எளிய சோதனையாகும். ரீங்காரம் நின்றுவிட்டால், அது வடத்தின் உறைக் குறையாலோ, கருவிகள் இரு வழிகளில் நிலத்தொடர்பு பெறுவதால் உண்டாகும் நிலக் கண்ணியாலோ வந்திருக்கக்கூடும். தொடர்ந்தால் பழுதான வடிகட்டு மின்தேக்கி போன்ற உட்காரணங்களை ஆராயலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் முழு அலைத் திருத்தியின் ரீங்காரம் 100 ஹெர்ட்சிலும், நிலக் கண்ணியின் ரீங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்சிலும் அமையும். ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பாதுகாப்பு நிலத்தொடர்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது.

பிற்காலம்

பிளாக் 1953 இல் பண்பேற்றக் கோட்பாடு பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1957 இல் லாம் பதக்கம் பெற்றார். 1963 இல் பெல் ஆய்வுக்கூடங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 1981 இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. நியூ ஜெர்சியின் சம்மிட் நகரில் தமது 85 ஆம் அகவையில் காலமானார்.