புள்ளறிஞர் சலீம் அலி

சேலம் மாவட்டத்திலே, மேட்டூர் அணைக்கு அணித்தாக உள்ள மேச்சேரி எனது பிறப்பூர். வானம் பார்த்த பூமி. செம்மறியாட்டிற்குப் பெயர் பெற்ற ஊர். ஆண்டுதோறும் புரட்டாசித் திங்கள் கழிவதற்குள் எம்மூர் ஏரிக்கரையிலே மஞ்சள் வயிறும் நீண்ட வாலும் உடைய சிறு குருவிகள் சில வந்திறங்கி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு புழு பூச்சிகளைப் பொறுக்கித் திரியும். சித்திரை வெயில் முற்றுமுன் அவை மறைந்துவிடும். அவை எங்கிருந்து வந்தன, எங்குச் சென்றன என்று யான் சிறுவனாயிருந்தபொழுது பலரை வினவியதுண்டு. மழையோடு வந்தன, வெயிலோடு போயின என்பதே ஆடு மேய்ப்போர் எனக்குக் கூறிய விடை. எளியதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை தேடுவதிலேயே தம் நெடிய வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஒருவர். அவரே சலீம் அலி என்னும் பெரியார்.

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதை நம் முன்னோர் அறியாதவரல்லர். குமரித்துறையிலிருந்து வடதிசை செல்லும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்த சத்திமுத்தப் புலவரின் பாட்டினைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் புலவர் கண்டது ஒரு நாள் காட்சி. அக்காட்சியை நாள்தோறும் கண்டு, எண்ணி, எழுதி வைத்து, அதிலிருந்து ஓர் உண்மையைப் பெறுவது பிறிதொரு தொழில். நம் நாட்டில் அத்தொழிலுக்கு ஆசானாய் விளங்கினவர் இவர்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் நகரில் ஒரு முசுலிம் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டு நிறைந்த அளவில் தந்தையாரை இழந்தார். மூன்றாம் ஆண்டில் அன்னையாரையும் இழந்தார். தாய்மாமனாராகிய அமிருத்தீன் தயாப்சியும் மகப்பேறில்லாத அவர் மனைவியார் அமீதா பேகமும் இவரை வளர்த்தனர். மாமனார் வேட்டையில் விருப்பமுடையவர். ஆகவே மருமகன் கையிலும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

பத்து வயதளவில் இவர் செய்த ஒரு செயல் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. குதிரைக் கொட்டில் ஒன்றின் சுவரிலே சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. பெட்டை உள்ளே அடைகாக்க, சேவல் வெளியே காவலிருந்தது. வண்டியின் பின் மறைந்திருந்து சிறுவர் அச்சேவலைச் சுட்டார். சிறிது பொழுதில் வேறொரு சேவல் அவ்விடம் வந்து காவலேற்றது. அதனையும் சுட்டார். இவ்வாறு ஏழு நாளில் எட்டுச் சேவல்கள் மடிந்தன. செயல் கொடிது; ஆயினும் ஏனைய சிறுவர் செய்யாத ஒன்றை இவர் செய்தார். நிகழ்ந்ததை நாள் முறையே ஏட்டில் எழுதி வைத்தார். ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து அக்குறிப்பு அவ்வாறே அச்சாகி, அறிஞரால் மதிக்கப்பட்டது. கொல்லும் கையும் குறிக்கும் கையும் ஒருவரிடத்திலேயே இருந்தன; பின்னாளில் எக்கை மேம்பட்டது என்பதே இவர் வரலாறு.

பிறிதொருகால் வீழ்ந்த ஒரு குருவியின் தொண்டையிலே மஞ்சள் நிறப் பொட்டு ஒன்றைக் கண்டார். இஃது என்ன குருவி என்று மாமனாரைக் கேட்டார். மாமனாருக்கும் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். 1908ஆம் ஆண்டிலே, அஞ்சிய நெஞ்சத்தோடு அக்கழகத்தின் படியேறிய சிறுவரை அவர் அன்போடு வரவேற்றுப் பறவையின் பெயரைச் சொன்னார், பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த பெட்டிகளைத் திறந்து காட்டினார், நூல்களும் ஈந்தார். அன்று தெரியாது என்று சொல்ல நாணாத மாமனாரும், சிறுவன்தானே என்று இகழாத செயலாளரும் இல்லையாயின் இவ்வறிஞர் நமக்குக் கிடைத்திரார்.

கல்வியும் இடர்ப்பாடும்

கல்லூரிக் கல்வி இவருக்கு எளிதாக அமையவில்லை. கணக்கு அச்சுறுத்தியது. பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியை விட்டுப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனித்தார். தொழிலினும் காட்டுப் பறவைகளே இவர் கருத்தைக் கவர்ந்தன என்று சொல்லவும் வேண்டுமோ! 1917இல் பம்பாய்க்கு மீண்டு வாணிகக் கல்வி கற்கத் தொடங்கினார். அப்போது சவேரியார் கல்லூரியிலிருந்த பிளாட்டர் அடிகளார் இவரது உள்ளக்கிடக்கையை உணர்ந்து விலங்கியல் பயிலுமாறு தூண்டினார். 1918இல் தெகுமினா என்னும் அம்மையாரை மணந்தார். பர்மாத் தொழிலோ நட்டமடைந்தது. பட்டம் பெறாமையால் தகுதியான பதவியும் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், காண வருவோர்க்கு விளக்கமுரைக்கும் பணி ஒன்று கிடைத்தது.

சின்னாட்களில் அப்பணியிலிருந்து விடுப்புப் பெற்றுச் செருமனி நாட்டிற்குச் சென்று, பெர்லினில் சுத்திரேசுமன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வடகடலிடையே உள்ள எலிகோலாந்து என்னும் சிறு தீவிற்கும் சென்று வந்தார். அத்தீவின் பெருமையைச் சிறிது கூறுதல் வேண்டும். அது சில நாழிகையில் சுற்றி வரத்தக்க ஒரு பாறைத் திட்டு. கோடை கழியுங்காலத்தில் வடநாட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பறவைகள் கடல் கடக்கும்போது அதன்மீது இறங்கி இளைப்பாறும். 1837இல் அங்குக் குடியேறிய கேட்கே என்னும் ஓவியர் ஐம்பதாண்டளவாக அப்பறவைகளைக் கண்டு எழுதி வந்தார். 1910இல் அங்கே பறவை ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. புதர்களின்மேல் அகன்று தொடங்கி வரவரக் குறுகிச் செல்லும் வலைக்கூண்டினுள் பறவைகளை ஓட்டிப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் பூட்டிப் பறக்கவிடுவர். வேறொரு நாட்டில் அப்பறவை மீண்டும் அகப்படுமாயின், அது சென்ற வழி புலனாகும். கொல்லாமலே பறவையிடமிருந்து விடை பெறும் இக்கலையை அங்கே இவர் பழகினார்.

வேலை போயிற்று, விளக்கம் வந்தது

1930இல் தாயகம் திரும்பியபோது இவருக்குப் பேரிடி காத்திருந்தது. பொருள் முட்டுப்பாட்டால் அருங்காட்சியகம் அப்பதவியையே நீக்கிவிட்டது. பெர்லினிற் பயின்ற அறிஞர், வயது முப்பத்து மூன்று, கையில் வேலை இல்லை. வேறு வழியின்றி, பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவியாரோடு குடியேறினார்.

கிகிமில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் மரம் ஒன்று இருந்தது. அம்மழைக்காலம் முழுதும் ஏணியொன்றின் உச்சியிலே துணி மறைவு கட்டி, அதனுள் நாள்தோறும் அமர்ந்து, என்ன நிகழ்கின்றது என்று கண்டு எழுதினார். சேவல் கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்தும். பெட்டைகள் வந்து கூட்டைச் சோதிக்கும். ஒரு பெட்டை உடன்பட்ட பின்னரே சேவல் அதனைக் கட்டி முடிக்கும். முடித்ததும் வேறொரு பெட்டையை எதிர்நோக்கி அடுத்த கூட்டைத் தொடங்கும். நம் நாட்டார் அனைவரும் பன்னூறாண்டாகக் கண்ணெதிரே கண்டும் காணாதிருந்த உண்மை இது. வேலையிழந்த ஒருவர் வேலையாகவே அமர்ந்து பார்த்தமையால் இது வெளிப்பட்டது.

அதன்பின் சுதேச சமத்தானங்களுக்குப் புதுமையான ஒரு வேண்டுகோள் விடுத்தார். முகாம் செலவை மட்டும் ஏற்பீராயின் ஊதியம் பெறாமலே உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவேன் என்பதே அது. ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர், இந்தூர், போபால் முதலிய நாடுகளின் காடுகளில் அலைந்தார். தெகுமினா அம்மையாரும் கூடாரந்தோறும் உடன் சென்று, இன்முகத்தோடு அவ்வறுமையைப் பகிர்ந்துகொண்டார். 1939இல், சிறிய அறுவை மருத்துவம் ஒன்றன்பின் அம்மையார் காலமானார். அத்துயரம் இவரை விட்டு நீங்கியதில்லை, மறுமணமும் செய்துகொண்டாரில்லை. தமக்கையார் இல்லத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய இவர் நூல், எளிய மக்களும் பறவையைப் பெயர் சொல்லி அறிய வழி செய்தது. நேரு அந்நூலைத் தம் மகளார் இந்திராவுக்கு அளித்தார் என்பதும், பறவைகளின்மேல் அவர் கொண்ட பற்று அதனால் வளர்ந்தது என்பதும் பலரறிந்த செய்தி. 1950இல் சுவீடன் நாட்டில் நடந்த பறவையியல் மாநாட்டிற்கு, ஐம்பத்து மூன்றாம் வயதில், தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலேற்றிச் சென்று அதிலேயே ஐரோப்பாவைக் கடந்தார் என்றால் இவரது ஊக்கத்தை என்னென்பது!

கோடிக்கரை

இனித் தமிழ்நாட்டிற்கும் இவருக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். 1957இல் மைசூர் நாட்டுக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதரும் ஒரு புதுக் காய்ச்சலால் மாண்டனர். உண்ணி கடிப்பதால் வரும் அந்நோயின் கிருமி, உருசிய நாட்டு நோய்க்கிருமி ஒன்றனோடு உறவுடையதாகக் காணப்பட்டது. வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. ஆராய்வதற்கு உலகச் சுகாதார நிறுவனம் பொருளுதவி செய்ய, 1959 முதல் இயற்கை வரலாற்றுக் கழகம் இவர் தலைமையில் பெருமளவாகப் பறவைகளுக்கு வளையம் பூட்டத் தொடங்கியது. எலிகோலாந்தில் கற்றது முப்பதாண்டு கழிந்து இந்நாட்டிற் பயன் தந்தது.

1962ஆம் ஆண்டில் இவர் நாகைக் கடற்கரையின் கோடியிலுள்ள கோடிக்கரையின் சிறப்பை எடுத்துரைத்தார். வேதாரணியம் என்றால் நமக்கு 1930இல் இராசாசி நடத்திய உப்பு அறப்போரே நினைவுக்கு வரும். அவ்வுப்பளங்களையும் சேற்று வெளியையும் ஒட்டியே பறவைகளின் இப்பெருந்துறை உள்ளது. ஒருபுறம் வங்கக்கடல், ஒருபுறம் பாக்கு நீரிணை, இடையே நிலம் முனையாக முடிகிறது. ஆவணித் திங்களில், கோடை தணியத் தொடங்கும்போதே, வடநிலங்களில் குஞ்சு பொரித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் இங்கு வந்திறங்குகின்றன. பின்னர்ப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய்ச் சேர்கின்றன. கொசு உள்ளான் என்னும் பறவை நம் கைப்பிடிக்குள் அடங்குவது; ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இராது. அதுவே சைபீரியாவிலிருந்து மலைகளையும் பாலைகளையும் கடந்து இச்சேற்றில் இரை தேட வருகிறது.

1967இல் கோடிக்கரை வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. கழகத்தின் ஆய்வாளர்கள் ஆங்குத் தங்கி, ஆழமில்லாத நீரில் மெல்லிய வலைகளைக் கட்டி, அகப்பட்ட பறவைகளை ஊறுபடாமல் எடுத்து, சிறகளந்து, எடை பார்த்து, வளையமிட்டு விடுத்தனர். பறவையின் பெயர், நாள், எண் ஆகியவை ஏட்டில் ஏறின. பார்ப்போர்க்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால், கணக்கு வையாத செல்வம் களவு போனாலும் தெரியாதன்றோ! இன்று கோடிக்கரைக்கு வரும் சிறு கரைப்பறவைகள் முன்னிருந்த தொகையினின்றும் குறைந்துவிட்டன என்று நாம் அறிவது அவ்வேடுகளின் பயனே. 1980களில் அங்குப் பதிவான கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகிலேயே அழியும் நிலையிலுள்ளது. 2002இல் இந்நிலம் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டமைக்கும் இவர் அன்று இட்ட வித்தே காரணம் எனலாம்.

முதுமையும் முடிவும்

ஆய்வுக்கெனத் துப்பாக்கியால் இவர் வீழ்த்திய பறவைகள் பல. அதனை இவர் மறைத்ததில்லை. அக்காலத்தில் பறவையை ஐயமற அறிய வேறு வழியில்லை என்றே கருதினார். ஆயினும் எட்டுச் சேவல்களைச் சுட்ட அதே கை, முதுமையில் எண்ணற்ற பறவைகளின் காலில் வளையம் பூட்டி விடுதலை செய்தது. பரத்பூர் நீர்நிலை காக்கப்படவும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு இரையாகாமல் நிற்கவும் குரல் கொடுத்தது. திப்புளோன் இரிப்புளி என்னும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து இவர் இயற்றிய பத்துத் தொகுதிப் பறவை நூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. 1976இல் பத்மவிபூசண் விருது பெற்றார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். பட்டமில்லாத இவருக்குப் பல்கலைக்கழகங்கள் தாமே முன்வந்து டாக்டர் பட்டம் நல்கின. தம் வரலாற்று நூலுக்கு, சிறுவயதில் வீழ்ந்த அக்குருவியை நினைந்து, ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பெயரிட்டார். நற்செய்தி நூல் பயின்றோர்க்கு, ஒரு குருவியும் இறைவன் அறியாமல் தரையில் விழாது என்னும் போதனை அப்பெயரால் நினைவிற்கு வரும். 1987இல் தொண்ணூறு வயது நிரம்பியவராய் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தோன்றிய பறவையியல் நிலையம் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! தேர்வில் தவறினோர்க்கும், கற்ற கல்விக்கேற்ற வேலை கிட்டாதோர்க்கும் இவர் வாழ்வு ஓர் ஆறுதல். ஆனால் ஆறுதலோடு நின்றுவிடலாகாது. வேலை போன ஆண்டில் இவர் வாளாவிருந்து வருந்தினாரல்லர். எதிரே நின்ற மரத்தை நாள்தோறும் நோக்கினார். சென்ற விடுமுறையில் யான் மேச்சேரிக்குச் சென்றபோது ஆறணா விலையுள்ளதும் அன்றான ஒரு சிறு குறிப்பேட்டை உடன் கொண்டுபோனேன். ஏரிக்கரையில் வாலாட்டிக் குருவிகளை முதலிற் கண்ட நாளை அதில் எழுதினேன். எத்தனை என்று எண்ணினேன்: பதினொன்று. அவ்வளவே என்னால் இயன்றது. அடுத்த ஆண்டும் எழுதுவேன். அவை எங்கிருந்து வருகின்றன என்று இனியொரு சிறுவன் எங்களூரிற் கேட்பானாயின், வடநாடுகளிலிருந்து என்று விடை கூற ஒருவனேனும் அங்கு உளன்.