வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியம்

ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை துருத்தியை அசைக்கும். மறு கை கட்டைகளை அழுத்தும். துருத்தி நின்றால் ஓசையும் நின்றுவிடும். காற்றுதான் அதற்கு உயிர். பெரிய தேவாலயங்களில் இருக்கும் பைப் ஆர்கனும் அப்படித்தான். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான குழாய்கள் சுவர் உயரத்திற்கு நிற்கும். அவற்றுக்குள் காற்று புகுந்து இசையாக வெளிவரும். அதை நிறுவப் பெரிய இடமும் நிறையப் பணமும் வேண்டும்.

காற்றும் இல்லாமல், குழாயும் இல்லாமல் ஓர் ஆர்கன் செய்ய முடியுமா? முடியும் என்று செய்து காட்டினார் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் லாரன்ஸ் ஹாமண்ட். அவருக்கு ஆர்கன் வாசிக்கவே தெரியாது என்பதுதான் வேடிக்கை!

அம்மா வளர்த்த பிள்ளை

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1895-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி ஹாமண்ட் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோதே தந்தை இறந்துவிட்டார். தாயார் ஓர் ஓவியர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். அங்கே படித்ததால் சிறுவன் ஹாமண்டுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாக வந்தன. 1909-ல் குடும்பம் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது பதினான்கு.

பாட்டு, வாத்தியம் என்றால் அவருக்கு எட்டாத தூரம். இயந்திரம் என்றாலோ உயிர்! 1916-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்ஸ் சென்றார். போர் முடிந்து திரும்பியதும் டெட்ராய்ட் நகரில் மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

தோல்வி தந்த பரிசு

அக்காலக் கடிகாரங்கள் 'டிக் டிக்' என்று ஓயாமல் சத்தமிடும். 1920-ஆம் ஆண்டுவாக்கில் ஹாமண்ட் சத்தமே வராத கடிகாரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் வந்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்.

அடுத்து, படத்தை நேரில் நடப்பதுபோல் முப்பரிமாணத்தில் காட்டும் கருவியைச் செய்தார். 1922 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு தியேட்டரில் அதைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு பார்வைக் கருவி இருந்தது. அதிலுள்ள மூடி, படம் காட்டும் இயந்திரத்தோடு இம்மியும் பிசகாமல் சேர்ந்து சுழல வேண்டும். ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் செலவு அதிகம். வேறு எந்தத் தியேட்டரும் அதை வாங்கவில்லை.

தோல்விதான். ஆனாலும் அந்த உழைப்பு வீண் போகவில்லை. பிசகாமல் ஒரே வேகத்தில் சுழலும் மோட்டாரைப் பற்றி அவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று என்ற கணக்கில் வருகிறது. அந்தத் துடிப்போடு ஒட்டிச் சுழலும் மோட்டார் முந்தவும் செய்யாது, பிந்தவும் செய்யாது. அந்த மோட்டாரை வைத்து மின்கடிகாரம் செய்தார். 1928-ல் சிகாகோவில் கடிகாரக் கம்பெனி தொடங்கினார்.

வேலைக்கு ஆபத்து

மறு ஆண்டே பெரும் பொருளாதாரச் சரிவு வந்தது. அமெரிக்கா முழுவதும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். கடிகாரம் வாங்க ஆளில்லை. சீட்டுக்கட்டைத் தானே கலைத்துப் பங்கிடும் மேசை ஒன்றை 1932-ல் செய்து விற்றார் ஹாமண்ட். அது சில காலம்தான் கைகொடுத்தது. புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் கம்பெனியும் போகும், அதை நம்பியிருந்த தொழிலாளர்களின் பிழைப்பும் போகும்!

கையில் இருந்தது அந்தப் பிசகாத மோட்டார்தான். நேரம் காட்டும் மோட்டார் சுருதியும் காட்டாதா என்று யோசித்தார் அவர்.

அது எப்படி என்கிறீர்களா? ஒரு சீப்பை எடுங்கள். அதன் பற்களின் மேல் நகத்தை மெதுவாக இழுங்கள். 'டக் டக்' என்று தனித்தனியாகக் கேட்கும். வேகமாக இழுங்கள். 'விர்ர்' என்று ஒரே ஓசையாகிவிடும். இன்னும் வேகமாக இழுத்தால் சுருதி ஏறும். ஹாமண்ட் செய்ததும் இதே வேலைதான். சீப்புக்குப் பதில் விளிம்பில் மேடு பள்ளம் உள்ள சிறிய இரும்புச் சக்கரம். நகத்துக்குப் பதில் கம்பி சுற்றிய காந்தம். மேடுகள் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் துடிக்கும். விநாடிக்கு 440 மேடுகள் கடந்தால் ஒரு சுரம். 880 கடந்தால் அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. அந்தத் துடிப்பைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் இசை! மோட்டாரின் வேகம் மாறாததால் சுருதியும் கலையாது.

1933-ல் ஒரு பழைய பியானோவை வாங்கினார். கட்டைப் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டார். சரி, ஓசை நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே! அவருடைய கம்பெனியின் கணக்கு அலுவலகத்தில் லேஹி என்பவர் வேலை பார்த்தார். அவர் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். முதலாளி ஹாமண்ட் கூச்சப்படாமல் தன் ஊழியரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார். 1934 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஏப்ரலிலேயே அது கிடைத்துவிட்டது. 1935 ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சியில் ஹாமண்ட் ஆர்கன் அரங்கேறியது. கம்பெனி பிழைத்தது.

வழக்கும் வந்தது

தன் ஆர்கன் பைப் ஆர்கனுக்கு நிகரானது என்று ஹாமண்ட் விளம்பரம் செய்தார். பைப் ஆர்கன் செய்பவர்கள் கொதித்துப் போனார்கள். புகார், அரசின் வணிக ஆணையத்துக்குப் போனது. சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டு வாத்தியங்களையும் மறைவில் வாசித்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தேர்ந்த இசைஞர்களுக்கே பல முறை தவறியது. ஆனாலும் 1938-ல் ஆணையம் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது. இரண்டும் ஒன்று என்று சொல்லக் கூடாது என்றது.

ஒரு வகையில் அதுவும் உண்மைதானே? இது வேறு வாத்தியம். இதற்கென்று ஒரு குரல் உண்டு. அந்தக் குரலைக் கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர்.

ஏழைகளின் ஆலயத்தில்

அந்நாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும் கொடுமைகளை அனுபவித்தார்கள். வேலையும் மரியாதையும் தேடி லட்சக்கணக்கானோர் சிகாகோ போன்ற வட நகரங்களுக்கு வந்தார்கள். அவர்களுடைய பல சபைகள் சாதாரணக் கடை அறைகளில் கூடின. பைப் ஆர்கனுக்கு அங்கே ஏது இடம்? ஏது பணம்? ஆனால் பாட்டு மட்டும் குறைவின்றி இருந்தது. துயரத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துப் பாடும் அந்தப் பக்திப் பாடல்களுக்குக் காஸ்பெல் என்று பெயர். நற்செய்தி என்று பொருள்.

சிகாகோவின் தென்பகுதியில் 'ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ்' என்ற ஆலயம் உள்ளது. 1939-ல் கென்னத் மாரிஸ் என்ற இளைஞர் அங்கே ஹாமண்ட் ஆர்கனைக் காஸ்பெல் பாடல்களுக்கு வாசிக்கத் தொடங்கினார். அந்த இசையைக் கேட்ட மற்ற ஆலயங்களும் ஹாமண்ட் ஆர்கனை விரும்பி வாங்கின. காஸ்பெல் என்றால் ஹாமண்ட் ஆர்கன் என்று சொல்லும் அளவுக்கு அது பரவியது.

இதை வாசிப்பது எளிதல்ல, பிள்ளைகளே! 1954-ல் வந்த புகழ்பெற்ற 'பி-3' மாடலையே எடுத்துக்கொள்வோம். கைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள். வரிசைக்கு 61. கால்களுக்கு 25 மரக்கட்டைகள். உள்ளே சுழல்பவை 91 சக்கரங்கள்!

முதல் பாடம் விரலுக்கு. பியானோவில் மிதியை அழுத்தினால், விரலை எடுத்த பிறகும் ஓசை நீளும். இதில் விரல் எழுந்த கணமே ஓசை அறுந்துவிடும். ஆகவே ஒரு விரல் எழுவதற்குள் அடுத்த விரல் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்திய கட்டையிலேயே சத்தமில்லாமல் விரலை மாற்றவும் பழக வேண்டும்.

இரண்டாம் பாடம் காலுக்கு. கட்டையை ஓங்கி அழுத்தினாலும் ஓசை கூடாது. வலது காலால் ஒரு மிதியை அசைத்துத்தான் கூட்டவும் குறைக்கவும் முடியும். இடது கால் அடிச்சுரங்களை வாசிக்கும். இரண்டு கைகளும் இரண்டு கால்களும் நான்கு வேலை செய்ய வேண்டும்!

மூன்றாம் பாடம் ஓசையின் நிறத்துக்கு. கட்டைகளுக்கு மேலே, தொகுதிக்கு ஒன்பது இழுகம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு வரை எண்கள். சிலவற்றை இழுத்தால் புல்லாங்குழல்போல் மென்மை. ஒன்பதையும் முழுவதும் இழுத்தால் ஆலயமே அதிரும் முழக்கம். சமையலில் உப்பும் புளியும் அளந்து போடுவதுபோல, ஓசையை அளந்து கலக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் காதுக்கு. போதகர் மெல்லப் பேசும்போது ஆர்கன் முணுமுணுக்க வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் பதில் சொல்ல வேண்டும். சபை எழுந்து பாடும்போது பொங்க வேண்டும். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. மூத்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். பில்லி பிரஸ்டன் என்ற சிறுவன், புகழ்பெற்ற பாடகி மஹாலியா ஜாக்சனுக்கு ஆர்கன் வாசித்தபோது வயது பத்துதான்! பின்னாளில் அவர் உலகப் புகழ் பெற்றார்.

ஹாமண்ட் கேட்காமல் விட்டது

கலிஃபோர்னியாவில் டான் லெஸ்லி என்பவர் ஹாமண்ட் ஆர்கன் ஒன்றை வாங்கினார். கடையில் கம்பீரமாக ஒலித்தது, வீட்டில் மந்தமாக ஒலித்தது. ஓசை சுழன்று வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, உள்ளே ஊதுகுழல் சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைச் செய்தார். மெதுவாகச் சுழலவிட்டால் ஓசை அலைபோல் அசைந்தது. வேகமாகச் சுழலவிட்டால் உருகி நடுங்கியது. 1940-ஆம் ஆண்டுவாக்கில் அதை ஹாமண்ட் கம்பெனியிடம் காட்டினார். ஹாமண்டுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டார். லெஸ்லி தானே அதைச் செய்து விற்றார். காஸ்பெல் இசைஞர்கள் ஆவலோடு வாங்கினார்கள். ஜெபத்துக்கு மெதுவான சுழற்சி, ஆனந்தத்துக்கு வேகமான சுழற்சி என்று அதையும் ஒரு வித்தையாகவே பழகினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கட்டையை அழுத்தும்போது உள்ளே மின்கம்பிகள் தொட்டுக்கொள்வதால் 'டுக்' என்று சிறு சத்தம் வரும். ஹாமண்ட் அதைக் குறை என்று எண்ணி நீக்கப் பாடுபட்டார். வாசிப்பவர்களோ தாளத்துக்கு அழகாக இருக்கிறதென்று அதையே விரும்பினார்கள்!

ஹாமண்ட் 1960-ல் ஓய்வு பெற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான அவர், 1973 ஜூலையில் காலமானார். இரும்புச் சக்கரம் வைத்த ஆர்கன்கள் தயாரிப்பதும் அடுத்த சில ஆண்டுகளில் நின்றுபோனது. அவர் வேண்டாம் என்ற லெஸ்லி பெட்டியின் உரிமையை 1980-ல் ஹாமண்ட் கம்பெனியே வாங்கியது. இன்று மின்னணுக் கீபோர்டுகளில் ஹாமண்ட் ஓசையைச் சேர்ப்பவர்கள், அந்தச் சுழலும் நடுக்கத்தையும் 'டுக்' சத்தத்தையும்கூட மறக்காமல் சேர்க்கிறார்கள்.

பார்த்தீர்களா செல்வங்களே! தனக்குத் தெரியாததைத் தன் ஊழியரிடம் கேட்டபோது ஹாமண்ட் வென்றார். லெஸ்லி சொன்னதைக் கேட்காதபோது ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார். வாத்தியம் கற்க விரும்பும் பிள்ளைகள், விரலைப் பழக்குவதற்கு முன் காதைப் பழக்குங்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கே நன்றாக வாசிக்கவும் வரும்.

சரி, அந்தச் சீப்பை எடுத்து இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். இப்போது உங்கள் காதுக்கு என்ன கேட்கிறது?