சார்லஸ் கெட்டரிங்

சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் (ஆகஸ்டு 29, 1876 – நவம்பர் 1958) ஓர் அமெரிக்க மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். தானுந்துகளுக்கான மின்கலப் பற்றவைப்பு முறையையும் மின் தொடக்கியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்பதால் பெரிதும் அறியப்படுகிறார். இன்று 'இக்னிசன் காயில்' என வழங்கும் பற்றவைப்புச் சுருள், மின்கலத்தோடும் தொடர்பு முறிப்பானோடும் இணைந்து இயங்கும் அமைப்பு இவர் பெயராலேயே கெட்டரிங் பற்றவைப்பு எனப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு 1920 முதல் 1947 வரை தலைமை தாங்கினார். ஈயம் கலந்த பெட்ரோல் இவரது தலைமையின் கீழ் உருவானதால், இவரது பணி பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஒருங்கே உள்ளாகியுள்ளது.

இளமையும் கல்வியும்

கெட்டரிங் ஒகையோ மாநிலத்தில் லவுடன்வில் என்னும் ஊருக்கு அருகில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பார்வைக் குறைபாட்டால் சிறு வயதிலேயே கடும் தலைவலிக்கு ஆளானார். பள்ளி ஆசிரியராகச் சில காலம் பணியாற்றிய பின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் நோயினால் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பிகள் அமைக்கும் பணியாளர் குழுவொன்றில் வேலை செய்தார். மீண்டும் பல்கலைக்கழகம் சென்று 1904இல் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். 1905இல் ஆலிவ் வில்லியம்ஸ் என்பவரை மணந்தார்.

பணப்பதிவு இயந்திரம்

பட்டம் பெற்றவுடன் டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் கடைகளின் பணப்பதிவு இயந்திரங்கள் கையால் இயக்கப்பட்டன. அவற்றை இயக்கும் மின்னோடி ஒன்றை இவர் வடிவமைத்தார். சில நொடிகள் மட்டுமே ஓடும் மின்னோடி சிறியதாக இருந்தாலும், குறுகிய நேரத்துக்கு மிகுந்த ஆற்றலைத் தர இயலும் என்பதை இப்பணியில் அறிந்துகொண்டார். இவ்வறிவு பின்னர் தானுந்துத் தொடக்கிக்குப் பயன்பட்டது.

பற்றவைப்பு முறை

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் அழுத்தப்பட்ட எரிபொருட்கலவை எரிய, தீப்பொறிச் செருகியின் முனைகளுக்கிடையே தீப்பொறி பாய வேண்டும். இதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. அக்காலத் தானுந்துகள் பலவற்றில் அதிரும் தகடு கொண்ட சுருள்கள் இருந்தன. அவை ஒவ்வொரு பற்றவைப்புக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தீப்பொறிகளைத் தந்ததால் உலர் மின்கலங்கள் விரைவில் தீர்ந்துபோயின.

கெட்டரிங், தம்முடன் பணியாற்றிய எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுக் கொட்டகையில், நண்பர்கள் சிலருடன் ஓய்வு நேரங்களில் இச்சிக்கலை ஆராய்ந்தார். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் வலுவான ஒரே தீப்பொறியைத் தரும் அமைப்பை உருவாக்கினார். காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட் இதனைத் தம் தானுந்துகளுக்கு வாங்க முன்வந்தார். அதனையொட்டி 1909இல் கெட்டரிங்கும் டீட்சும் டேட்டன் பொறியியல் ஆய்வகங்கள் நிறுவனத்தைத் தொடங்கினர். சுருக்கமாக இது டெல்கோ என அழைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் வளர்ந்த வடிவம் பின்வருமாறு இயங்குகிறது. மெல்லிரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் உள்ளன. தடித்த கம்பியாலான முதன்மைச் சுருளில் சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பியாலான துணைச் சுருளில் பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கும். மின்கலத்திலிருந்து முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. இயந்திரத்தால் திறக்கப்படும் தொடர்பு முறிப்பான், மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டிக்கிறது. காந்தப்புலம் சரியும்போது துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. முறிப்பானுக்கு இணையாக உள்ள மின்தேக்கி அதன் முனைகள் கருகாமல் காப்பதோடு, மின்னோட்டம் விரைவாக நிற்கவும் உதவுகிறது. உயர் மின்னழுத்தத்தை உரிய உருளைக்கு அனுப்புவது பகிர்வி ஆகும்.

மின் தொடக்கி

தொடக்க காலத் தானுந்துகளை இயக்க, முன்புறம் உள்ள கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே பாய்ந்தால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைத்து, சுழற்றுபவரின் கையை முறித்துவிடும். லேலண்டின் வேண்டுகோளுக்கிணங்கக் கெட்டரிங் இதற்கு மாற்றுத் தேடினார். இயந்திரத்தைச் சுழற்றக்கூடிய மின்னோடி தானுந்தில் பொருத்த இயலாத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று பலர் கருதினர். பணப்பதிவு இயந்திரத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு சிறிய மின்னோடியாலேயே இவர் அதனைச் செய்து காட்டினார்.

1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் தானுந்துகளில் தொடக்கம், பற்றவைப்பு, விளக்கு ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன. ஒரே மின்பொறி முதலில் தொடக்கியாகவும் பின்னர் சேமக்கலத்துக்கு மின்னேற்றும் மின்னாக்கியாகவும் செயற்பட்டது. தொடக்கிக்கு 24 வோல்ட்டும் விளக்குகளுக்கு 6 வோல்ட்டும் பயன்பட்டன. தொடக்கிக்கான காப்புரிமை 1915இல் வழங்கப்பட்டது. கைப்பிடி சுழற்றும் உடல்வலு தேவைப்படாததால் தானுந்து ஓட்டுவோர் வட்டம் விரிந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகம்

டெல்கோ 1916இல் யுனைட்டட் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனம் 1918இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் இணைந்தது. எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. காற்றால் குளிர்விக்கப்படும், செப்புத் தகடுகள் கொண்ட செவ்ரோலே தானுந்து 1923இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் இவரது குழு உருவாக்கிய இலகுவான ஈரடி டீசல் இயந்திரங்கள், அமெரிக்க இருப்புப்பாதைகளில் நீராவி எந்திரங்களின் இடத்தைப் பிடித்தன.

ஈயம் கலந்த பெட்ரோல்

இயந்திரத்தின் அழுத்த விகிதத்தை உயர்த்தினால் எரிபொருட்கலவை ஒழுங்கின்றி எரிந்து 'தட்டல்' ஒலி எழும். இதனால் திறன் குறைவதோடு இயந்திரமும் பழுதடையும். கெட்டரிங்கின் மின்கலப் பற்றவைப்பே இதற்குக் காரணம் என்று குறைகூறப்பட்டது. குறை சுருளில் இல்லை, எரிபொருளிலேயே உள்ளது என நிறுவ முனைந்த இவர், தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியாளரிடம் ஆய்வை ஒப்படைத்தார். டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மம் தட்டலை அடக்குவதை மிட்ஜ்லியின் குழு 1921 டிசம்பரில் கண்டறிந்தது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 3 மில்லிலிட்டர் போதுமானதாக இருந்தது. எரிசாராயம் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதை இக்குழு அறிந்திருந்தது. ஆயினும் அதனை அதிக அளவில் கலக்க வேண்டியிருந்தது.

ஈயம் நஞ்சு என்பது பழங்காலம் முதல் அறியப்பட்டதே. 1923இல் டேட்டனில் விற்பனைக்கு வந்த இப்பெட்ரோல், ஈயம் என்ற சொல்லைத் தவிர்த்து 'எத்தில்' என்ற பெயரால் விற்கப்பட்டது. 1924இல் தொடங்கப்பட்ட எத்தில் நிறுவனத்தின் முதல் தலைவர் கெட்டரிங் ஆவார். அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் உள்ள பேவே ஆலையில் ஈய நஞ்சால் 5 தொழிலாளர்கள் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1925 மே மாதம் விற்பனை நிறுத்தப்பட்டு, அரசு மருத்துவத் தலைவரின் தலைமையில் மாநாடு கூடியது. அங்கு ஈயத்தின் பயன்பாட்டைக் கெட்டரிங் ஆதரித்தார். தொழில்சார் நோய் மருத்துவரான ஆலிஸ் ஹாமில்டன் எதிர்த்தார். தடை விதிக்கப் போதிய காரணம் இல்லை எனவும், ஆய்வு தொடர வேண்டும் எனவும் 1926இல் வல்லுநர் குழு அறிவித்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. குழு பரிந்துரைத்த தொடர் ஆய்வை அரசு மேற்கொள்ளவில்லை.

அதன்பின் பல பதிற்றாண்டுகள் தானுந்துகளின் புகைபோக்கி வழியே ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிப்பது பின்னர் உறுதியானது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிகள் 1975 முதல் அமெரிக்கத் தானுந்துகளில் இடம்பெற்றன. ஈயம் அவற்றைச் செயலிழக்கச் செய்ததால் ஈயமற்ற பெட்ரோல் இன்றியமையாததாயிற்று. சாலை ஊர்திகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற இறுதி நாடான அல்ஜீரியா 2021இல் அதனை நிறுத்தியது.

பிற்காலமும் மரபும்

1945இல் ஆல்பிரட் ஸ்லோனுடன் இணைந்து நியூயார்க்கில் சுலோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். ஒளிச்சேர்க்கை குறித்த ஆய்வுகளையும் ஊக்குவித்தார். டேட்டனுக்கு அருகிலுள்ள நகர் ஒன்றும், மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

தொடர்பு முறிப்பானின் இடத்தை 1970களில் திரிதடையமும், பகிர்வியின் இடத்தைப் பின்னர் கணினிக் கட்டுப்பாடும் பிடித்தன. தற்காலத் தானுந்துகள் பலவற்றில் ஒவ்வொரு தீப்பொறிச் செருகியின் மீதும் தனிச் சுருள் உள்ளது. எனினும் முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைத் துண்டித்து, சரியும் காந்தப்புலத்திலிருந்து தீப்பொறி பெறும் அடிப்படை முறை மாறவில்லை.