உணர்கொம்பின் இரகசியம்

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் 1823ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ழான் ஹென்றி ஃபாபர். ஆசிரியராகப் பணியாற்றிய இவர், 1879ஆம் ஆண்டு செரிஞான் எனும் சிற்றூரில் குடியேறிப் பூச்சிகளை ஆராய்ந்தார்.

ஒரு மே மாதக் காலையில், பெண் அந்துப்பூச்சி ஒன்று கூட்டைவிட்டு வெளிவந்தது. ஃபாபர் அதை வலைக்கூண்டில் வைத்தார். அன்றிரவே ஏறத்தாழ 40 ஆண் பூச்சிகள் இருளில் அதைத் தேடி வந்தன. அவை எவ்வாறு வழி கண்டன?

உணர்கொம்புகளே வழிகாட்டியிருக்கலாம் என்று எண்ணிய ஃபாபர், சில ஆண் பூச்சிகளின் கொம்புகளை வெட்டினார். அவற்றுள் ஒன்றே திரும்பியது. எனினும், அவர் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. வேறு சில பூச்சிகளுக்குக் கொம்புகளை வெட்டாமல், மார்பு மயிரை மட்டும் நீக்கிப் பார்த்தார். அவற்றிலும் மிகச் சிலவே திரும்பின. எனவே, தமது சோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை என ஒப்புக்கொண்டார்.

பின்னர், வேறோர் இனப் பெண் அந்துப்பூச்சியைக் கண்ணாடி மூடிக்குள் வைத்தார். அது முன்பு தங்கியிருந்த கிளையைச் சற்றுத் தள்ளி வைத்தார். ஆண் பூச்சிகளோ கண்ணெதிரே இருந்த பெண் பூச்சியை விட்டுவிட்டு அக்கிளையையே மொய்த்தன. கிளையில் படிந்திருந்த மணமே அவற்றை ஈர்த்தது!

ஃபாபர் 1915இல் மறைந்தார். ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பில் சில மரபணுக்கள் செயல்பட்டு, பெண் பூச்சியின் மணத்தை உணரும் புரதங்களை உருவாக்குகின்றன என்பதைப் பிற்கால அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். ஃபாபரின் எண்ணம் சரியானதே. ஆயினும், தக்க சான்றின்றி அதை உண்மையென அவர் கூறவில்லை. அந்த நேர்மையே அவருக்குப் பெருமை சேர்த்தது.